மண்பானை ருசியும் மண்பானைக் கட்டளையும்

கோடை ஒருவழியாக முடிந்தது. ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலமும் முடிந்து, ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போய்விட்டன. இந்த மூன்று மாதமும் கைபேசியைத் திறந்தால் ஒரே சமையல்தான். மண்சட்டியில் கருவாட்டுக் குழம்பு, மண்பானையில் கம்பங்கூழ், பழைய சோறும் சின்ன வெங்காயமும், நுங்கு சர்பத். 'பாட்டி காலத்து உணவு', 'பருவத்துக்கேற்ற உணவு' என்று தலைப்பு வேறு. நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளில் 'மண்பானைச் சமையல்' என்று பலகை வைத்தால் கார்கள் நிற்கின்றன.

எங்கள் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து வந்ததை நாலு பேர் ருசியென்று ஒப்புக்கொள்வதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் காணொளிகளில் பானை இருக்கிறது, கருவாடு இருக்கிறது, விறகடுப்பு இருக்கிறது. அவற்றை மட்டுமே வைத்துச் சமைக்க வேண்டிய நிலையில் யார் இருந்தார்கள், ஏன் இருந்தார்கள் என்பது மட்டும் இல்லை. சாதியைக் கழுவிக் கொட்டிவிட்டு ருசியை மட்டும் பரிமாறுகிறார்கள். இந்தக் கோடையின் சமையலைத் திரும்பிப் பார்க்கும்போது, கொட்டப்பட்ட அந்தப் பகுதியைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

பங்குனி முதல் ஆனி வரை எங்கள் அடுப்பில்

முதலில் சமையலைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அரசியலை மட்டும் பேசினால் எங்கள் பெண்களின் கைப்பக்குவத்துக்குச் செய்யும் அநியாயம் ஆகிவிடும்.

ராமநாதபுரத்துக் கோடை மிளகாயில் தொடங்குகிறது. மாசி, பங்குனியில் முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி பக்கக் காடுகளில் பழம் எடுப்பு நடக்கும். குண்டு குண்டாக இருக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பழத்தைச் செடியிலிருந்து எடுக்கும் கைகளில் பெரும்பகுதி எங்கள் தெருப் பெண்களின் கைகள். நாள் முழுக்க மிளகாய் எடுத்த கை இரவெல்லாம் எரியும். மோரில் முக்குவார்கள், எண்ணெய் தடவுவார்கள்; எரிச்சல் போகாது. கைக்குழந்தை வைத்திருப்பவள் அந்தக் கையால் பிள்ளையைத் தூக்கப் பயப்படுவாள். களத்தில் காயவைத்துத் தரம் பிரித்த பிறகு, நிறம் வெளுத்து ஒதுக்கிய வத்தல்தான் பல வீடுகளுக்கு வருஷத்து மிளகாய்ப்பொடி. நல்ல சிவப்பு மூட்டை கட்டி மண்டிக்குப் போய்விடும்.

சித்திரையில் கூழ். கம்பை ஊறவைத்து, இடித்து, மாவை முதல் நாள் இரவே தண்ணீரில் கரைத்துப் புளிக்க விடுவார்கள். மறுநாள் அதை நொய்யோடு சேர்த்துக் கிண்டி, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் இரண்டு நாளைக்குத் தாங்கும். வேண்டும்போது ஒரு உருண்டையை எடுத்து மோரிலோ நீச்சத்தண்ணியிலோ கரைத்துக் குடிக்கலாம். காலை 6 மணிக்கு நூறு நாள் வேலைக்கோ, கரிமூட்டத்துக்கோ, உப்பளத்துக்கோ கிளம்புகிறவளுக்கு மறுபடி அடுப்பு மூட்ட நேரம் கிடையாது. வெயிலில் கெடாத, சுடவைக்கத் தேவையில்லாத, வயிற்றைக் குளிரவைக்கிற சாப்பாடு அது. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மிதுக்கு வத்தல், இல்லாவிட்டால் சுட்ட கருவாடு.

ஏப்ரல் 15இலிருந்து 61 நாளைக்கு விசைப்படகு போகாது. நாட்டுப்படகில் வரும் கொஞ்சம் மீனுக்கு விலை ஏறிவிடும். அப்போது கை கொடுப்பது கருவாடு. நெத்திலி, காரல், சூடை, திருக்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம். நெத்திலியை அப்படியே மணலிலோ வலையிலோ பரப்பிக் காயவைக்கலாம். பெரிய மீனை வயிறு கீறிக் குடல் எடுத்து, உப்பில் ஊறப்போட்டு, பிறகு வெயிலில் போட வேண்டும். குழம்பு வைக்கும்போது அரிசி களைந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினால்தான் உப்பு இறங்கும். அந்தச் சமயத்தில் மாங்காயும் கத்திரிக்காயும் மலிந்து கிடக்கும். புளியைக் குறைத்து மாங்காயைப் போட்டு, முதல் நாள் வைத்த குழம்பை மறுநாள் சுண்டவைத்துச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

வைகாசியில் நுங்கு. சாயல்குடி பக்கம் பதநீரும் கருப்பட்டியும். இந்தப் பனையேறிகளையும் சாதி சும்மா விட்டுவைக்கவில்லை. கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அவர்கள் இறக்கிய பதநீரையும் கருப்பட்டியையும் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஊர்ப் பொங்கலுக்கு மாடோ ஆடோ அடித்தால், மிஞ்சிய கறியை நீள நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிரட்டி, நூலில் கோத்து வெயிலில் கட்டுவார்கள். நாலு நாள் காய்ந்தால் உப்புக்கண்டம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் வெயில்தான் பெட்டி. மழைக்காலத்தில் ஒரு துண்டை எடுத்துத் தட்டிப்போட்டு வதக்கினால் ஒரு வீட்டுச் சோறு இறங்கிவிடும்.

இதெல்லாம் அறிவு. எந்த மாதத்தில் எது கிடைக்கும், எது எவ்வளவு நாள் தாங்கும், எந்த வெயிலுக்கு எது பொருந்தும் என்று எங்கள் அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும் சோதித்துச் சேர்த்த அறிவு. அதை 'ஏழைகளின் உணவு' என்று இரக்கப்பட்டுப் பேசுவதும் தவறு, 'இயற்கையோடு இயைந்த எளிய வாழ்க்கை' என்று கொண்டாடுவதும் தவறு. ஏன் தவறு என்று சொல்லத்தான் நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு பழைய கணக்கை எடுக்க வேண்டியிருக்கிறது.

1930இல் பானை ஒரு கட்டளை

1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் கூடி, ஆதிதிராவிட மக்களுக்கு 8 தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. இந்த வரிசையில் இன்னொன்றும் இருந்தது: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது.

மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. சொத்துகள் நாசமாக்கப்பட்டன. அப்படியும் எங்கள் மக்கள் பணியவில்லை என்பதால் 1931 ஜூனில் தடைகள் 11 ஆயின. அதில் தண்ணீருக்கென்றே தனியாக ஒன்று. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பும் பித்தளையும் தொடக்கூடாது. தலையில் குடம் வைக்கச் சும்மாடு வைக்கோலில்தான் சுற்ற வேண்டும், துணியில் சுற்றக்கூடாது. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மாடுதான் மேய்க்க வேண்டும். சொந்த நிலத்தை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணிவரை வேலை செய்ய வேண்டும். ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா கூலி.

இதை நாங்கள் கற்பனை செய்து சொல்லவில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

பித்தளைக் குடத்துக்கும் துணிச் சும்மாட்டுக்கும் ஏன் இவ்வளவு பயந்தார்கள்? பித்தளை வாங்கக் கையில் காசு வேண்டும். அந்த நாளில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிலோனுக்கும் கூலிக்குப் போன பலர் கொஞ்சம் காசோடும் நல்ல துணியோடும் ஊர் திரும்பினார்கள். அந்தக் காசு சமையலறைக்குள் நுழைந்துவிட்டால், பண்ணையில் 2 அணாவுக்கு நிற்க ஆள் கிடைக்காது. பாத்திரத்தைத் தடுத்தவர்கள் தடுத்தது அந்த விடுதலையைத்தான். சாதி எங்கள் வீட்டு அடுப்படிவரை வந்து, எதில் சமைப்பது என்று தீர்மானித்தது.

ஆகவே 2020களில் ஒருவர் மண்சட்டியைக் காட்டி 'நம் முன்னோர்கள் எவ்வளவு அறிவோடு வாழ்ந்தார்கள்' என்று சொல்லும்போது, நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். யாருடைய முன்னோர்கள்? பித்தளையும் வெண்கலமும் அலமாரியில் இருந்தும் ருசிக்காக மண்சட்டியை எடுத்தவர்களா, பித்தளையைத் தொட்டதற்காகக் குடிசையை இழந்தவர்களா? சட்டி ஒன்றாக இருக்கலாம். அதை வைத்துச் சமைத்தவர்களின் வரலாறு ஒன்றல்ல.

எங்கள் வயதான பெண்கள் பலருக்கு எவர்சில்வர் பாத்திரம் என்றால் உயிர். பேரன் பேத்தி பெயர் பொறித்து வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். 'மண்சட்டிதான் உடம்புக்கு நல்லதாம்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பை விவரம் தெரியாத சிரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு பானைக் கூழுக்கு எத்தனை குடம்?

பருவகாலச் சமையலைப் பற்றிய எந்தக் காணொளியிலும் தண்ணீர் ஒரு பிரச்சினையாக வந்து நான் பார்த்ததில்லை. குழாயைத் திறந்தால் கொட்டுகிறது. கம்பைக் களைய, கருவாட்டை மூன்று முறை அலச, சட்டியைக் கழுவ, கூழ் உருண்டையை ஊறவைக்க எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். இந்த மாவட்டத்தில் கோடை என்பதே குடத்தின் காலம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களிலும் கடைசித் தெருவுக்கு வரும்போது குழாயில் காற்றுதான் வருகிறது. அந்தக் கடைசித் தெரு பெரும்பாலும் யாருடைய தெரு என்று சொல்லத் தேவையில்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்களும் சிறுமிகளும் கிலோமீட்டர் கணக்கில் தள்ளுகிறார்கள். கண்மாயிலும் ஓடையிலும் ஊற்றுத் தோண்டி அகப்பையால் அள்ளுகிறார்கள். முடியாதவர்கள் காசு கொடுத்துக் குடம் குடமாக வாங்குகிறார்கள்.

தண்ணீருக்கும் சமையலுக்கும் சாதிக்கும் உள்ள உறவு புதிதில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது அதனால்தான். 2022 டிசம்பரில் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்ததும் நம் கண் முன்னால் நடந்ததுதான். மகாத்துக்கும் வேங்கைவயலுக்கும் நடுவில் 95 வருஷம் ஓடியிருக்கிறது.

மிளகாய்க்கு இல்லாத தீட்டு

சமைக்காத பொருளை யாரிடமிருந்தும் வாங்கலாம், சமைத்ததை யார் கையால் வாங்குகிறோம் என்பதில்தான் சாதி தன்னைக் காட்டிக்கொள்ளும் என்று சமூகவியல் பாடத்தில் படித்தோம். ராமநாதபுரத்தில் அதைப் படிக்காமலே தெரிந்துகொள்ளலாம். எங்கள் கை எடுத்த மிளகாய் எல்லா வீட்டுக் குழம்பிலும் இருக்கிறது. எங்கள் கை காயவைத்த கருவாடு எல்லாச் சந்தையிலும் விற்கிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் எங்கள் கை வாரிய உப்பு எல்லாச் சோற்றிலும் விழுகிறது. மிளகாய், உப்பு, கருவாடு மூன்றுக்கும் தீட்டு இல்லை. அந்த மூன்றையும் ஒரே சட்டியில் போட்டு எங்கள் கையே குழம்பாக வைத்தால் மட்டும் தீட்டு வந்துவிடுகிறது.

பள்ளிக்கூடச் சத்துணவில் இது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. மதிய உணவுக்குச் சமையலர், உதவியாளர் நியமிக்கும்போது தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்று உத்தரவிட்டது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சமைக்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் செய்த முதல் காரியம் அந்தப் பெண்ணையே இடமாற்றம் செய்தது. போராட்டம் நடந்த பிறகுதான் அவர் திரும்ப வந்தார். 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஒரு நாள் ஒருவர் வந்து சாப்பிட்டதால் தீர்ந்துவிடும் நோயா இது?

நெடுஞ்சாலைக் கடையில் 'கிராமத்துப் பாட்டி கைப்பக்குவம்' என்று பலகை வைக்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டி எந்தத் தெருப் பாட்டி? எங்கள் தெருப் பாட்டியின் கைப்பக்குவம் என்று எழுதி வைத்தாலும் கார்கள் நிற்குமா?

பட்டியலில் வராத கறி

இந்தக் கோடையில் வந்த அத்தனை 'மறந்துபோன உணவு'ப் பட்டியல்களிலும் மாட்டுக்கறி உப்புக்கண்டத்தை நான் பார்க்கவில்லை. அது மறந்துபோன உணவு இல்லை, மறைக்கப்பட்ட உணவு. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது, கோழி, ஆடு எல்லாம் இருந்தது; ஆம்பூரில் எத்தனையோ பேர் சாப்பிடும் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். அதற்கு 5 வருஷம் முன்பு, 2017 மே மாதம், சந்தையில் மாட்டை இறைச்சிக்காக விற்கக்கூடாது என்று ஒன்றிய அரசு விதி போட்டது. மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. யார் தட்டில் எது இருக்கலாம் என்று மேலிருந்து தீர்மானிப்பது 1930இல் மட்டும் நடந்ததல்ல.

'மறக்கத்தானே படிச்சோம்?'

எங்கள் தெருவில் படித்த ஒரு தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எதுக்குக்கா திரும்பத் திரும்பக் கூழையும் கருவாட்டையும் பேசுறீங்க, அதை மறக்கத்தானே படிச்சோம்?" என்றான். அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. விடுதியில் கருவாட்டு வாசத்துக்காகக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். இனி வாழ்நாளில் கூழ் குடிக்க மாட்டேன் என்று ஒருவன் முடிவெடுத்தால் அது அவன் உரிமை.

ஆனால் நாம் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவார். எழுதும்போது நம்மை எடுத்துவிட்டு எழுதுவார். மராத்தியில் ஷாஹு படோலே மராத்வாடா தலித் வீடுகளின் சமையலை 2015இல் புத்தகமாகப் போட்டார். 2024இல் அது ஆங்கிலத்திலும் வந்து உலகமே பேசுகிறது. நம் பக்கத்தில் பாமா 1992இல் தன் வாழ்க்கையை எழுதியபோது பனைமட்டையின் அறுக்கும் விளிம்பையே தலைப்பாக்கி 'கருக்கு' என்று வைத்தார். நுங்கை எல்லோரும் காட்டுகிறார்கள். கருக்கைக் காட்ட வேண்டியவர்கள் நாம்தான்.

இன்னொரு பக்கம், 'சாப்பாட்டில் எதற்குச் சாதியைக் கொண்டுவருகிறீர்கள்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கொண்டுவரவில்லை. பாத்திரத்தில், தண்ணீரில், பரிமாறும் கையில், டீக்கடைக் குவளையில் அதைக் கொண்டுவந்து வைத்தவர்கள் வேறு. இரட்டைக் குவளையை எதிர்த்து இந்த மண்ணில் இயக்கம் நடத்திய இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரு குவளைத் தேநீருக்குப் பின்னால் இவ்வளவு ரத்தம் இருக்கும் மாவட்டத்தில், சாப்பாட்டில் சாதியைப் பேசாதே என்பது பாதிக்கப்பட்டவன் வாயைப் பொத்துவதுதான்.

என்ன கேட்கிறோம்

ருசியைக் கொண்டாடுங்கள். கூடவே இவற்றையும் செய்யுங்கள்.

ஒன்று: தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாகும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. அது மீனவர் குடும்பமாகப் பதிவானவர்களுக்குப் போகிறது. கருவாட்டுக் கொட்டகையிலும் மீன் கம்பெனியிலும் ஐஸ் பிளாண்டிலும் கூலிக்கு நிற்கும் தலித் பெண்களுக்கும் அதே 61 நாள் வேலை இல்லை. அவர்களையும் கணக்கெடுத்துச் சேர்க்க வேண்டும்.

இரண்டு: குடிநீர்த் திட்டத்தில் கடைசித் தெருவுக்கு முதலில் தண்ணீர் வர வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீர் விட்டார்கள் என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப்போட வேண்டும்.

மூன்று: சத்துணவு மையங்களிலும் காலை உணவுத் திட்டத்திலும் தலித் சமையலர்கள் எத்தனை பேர் என்று பள்ளிவாரியாக மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். எதிர்ப்பு வந்தால் சமையலரை மாற்றக்கூடாது. எதிர்ப்பவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய வேண்டும்.

நான்கு: அரசு நடத்தும் உணவுத் திருவிழா எதுவானாலும் எங்கள் தெருப் பெண்களுக்கு அவர்கள் பெயரிலேயே கடை தர வேண்டும். அவர்கள் சமைப்பது எதுவாக இருந்தாலும்.

ஐந்தாவது நமக்கு. அடுத்த முறை அப்பத்தாவிடம் கருவாட்டுக் குழம்புக்குப் பக்குவம் கேட்டு எழுதும்போது, மீன் யாரிடம் வாங்கினாள், தண்ணீர் எங்கே எடுத்தாள், எந்தப் பாத்திரத்தில் சமைத்தாள், அந்தப் பாத்திரம் எப்போது வீட்டுக்கு வந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். முதல் பித்தளைக் குடம் வாங்கிய வருஷத்தை நினைவு வைத்திருக்கும் கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

பக்குவம் எங்கள் பெண்களுடையது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம். கட்டாயம் அவர்கள் மேல் சுமத்தப்பட்டது, அதை யார் சுமத்தினார்கள் என்பதை மறக்கவும் மாட்டோம். மண்சட்டியில் சமைப்பதா, குக்கரில் சமைப்பதா என்பதை இனி சமைக்கிறவள் தீர்மானிக்கட்டும்.